உடனே எடுக்கும் சூப்பர் ஃபாஸ்ட்

நேற்று சாயங்காலம் விழுப்புரத்தில் ஒரு பஸ் ஏறினேன். வில்லியனூரில் இறங்க வேண்டும், ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். முன் கண்ணாடியில் ‘சூப்பர் ஃபாஸ்ட்’, அதன் கீழே ‘பாயிண்ட் டு பாயிண்ட்’, பக்கவாட்டில் ‘எக்ஸ்பிரஸ்’, பின்னால் ‘ஏர் பஸ்’. இவ்வளவும் ஒட்டிய பிறகு டிரைவருக்கு ரோடு தெரிந்ததே பெரிய விஷயம். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆகவே என்னிடம் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

வேகம் என்று வந்தாலே நாம் ஏன் இங்கிலீஷ் அடைமொழியைத் தேடி ஓடுகிறோம் என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. உறுதியான காரணம். சொல்கிறேன். அதற்கு முன் இந்த ஸ்டிக்கர் சாஸ்திரத்தை முடித்துவிடலாம்.

ஸ்டிக்கர் இல்லாத வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும், ஏற்றும், இறக்கும், போய்விடும். ‘ஃபாஸ்ட்’ என்று ஒட்டிய வண்டி, கை காட்டிய இடத்திலெல்லாம் நிற்கும். ‘எக்ஸ்பிரஸ்’ கை காட்டாத இடத்திலும் நிற்கும். நின்று, ‘பாண்டி பாண்டி பாண்டி’ என்று கூவி, திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கும் பாண்டிக்குப் போகிற ஆசையை உண்டாக்கும். ‘சூப்பர் ஃபாஸ்ட்’ புறப்படவே புறப்படாது; உறுமும். ஒரு முழம் முன்னே போகும், முக்கால் முழம் பின்னே வரும். வெளியே நிற்பவர் வண்டி கிளம்பிவிட்டதென்று பதறி, குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். அவர் ஏறியதும் என்ஜின் அணையும். அவர் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே டிரைவர் டீ குடித்துக்கொண்டிருப்பார். அப்படியானால் இவ்வளவு நேரம் உறுமியது யார்? அது ஆக்டிங் டிரைவர். உறுமுவதற்கென்றே இருக்கிறார். ‘எப்பப்பா எடுப்பீங்க?’ என்று கேட்டால், ‘உடனே எடுத்துடுவோம் சார்’ என்பார். அந்த ‘உடனே’யைக் கடிகாரம் வைத்து அளந்தவர் யாரும் ஊர் போய்ச் சேர்ந்ததில்லை. ‘நான் ஸ்டாப்’ என்று ஒன்று இருக்கிறது. அதில் நிற்காமல் ஓடுவது பாட்டு மட்டும்தான்.

கண்டமங்கலத்தில் ஒரு பாட்டியம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏம்பா, பாயிண்டு பாயிண்டுன்னு சொல்லித்தானே ஏத்துன?”

“ஆமா ஆயா. ஒவ்வொரு பாயிண்ட்டா நின்னு போவும்.”

இதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு ஒருவர் விளக்கம் எழுத முடியாது.

பஸ்காரர்களை மட்டும் திட்டினால் பாவம். அவர்களுக்குக் குரு ரயில்வேதான். அகலப் பாதையில் சராசரியாக மணிக்கு 55 கிலோமீட்டர் போனால் அது சூப்பர் ஃபாஸ்ட். 55! வில்லியனூர் பைபாஸில் அந்த வேகத்தில் போய்ப் பாருங்கள், பால் கேன் கட்டிய டிவிஎஸ் உங்களை ஹாரன் அடித்து ஓரங்கட்டும். இந்த அடைமொழிக்கு ஸ்லீப்பரில் 30 ரூபாய், மூன்றடுக்கு ஏசியில் 45 ரூபாய் தனிக் கட்டணம். வண்டி தாமதமானால் அது திரும்பி வராது. இந்தக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு அந்த 55ஐக்கூடத் தொடாத வண்டிகளை 2017இல் சிஏஜி தணிக்கை அறிக்கையே சுட்டிக்காட்டியது.

அதைவிடப் பெரிய சாமர்த்தியம் கொரோனாவுக்குப் பிறகு நடந்தது. பாசஞ்சர் வண்டிகளைத் திரும்ப ஓட்டும்போது அவற்றுக்கு ‘எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்’ என்று பெயர் சூட்டினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய்க்குத் தாவியது. வண்டியில் தாவியது அது ஒன்றுதான். 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. ஒரு வார்த்தைக்கு 20 ரூபாய் என்றால், எந்தப் பத்திரிகையும் எனக்கு அப்படிக் கொடுத்ததில்லை.

ஜப்பான்காரர்கள் 1964இல் புல்லட் ரயில் விட்டபோது வேகமான வண்டிக்கு ‘ஒளி’ என்றும், எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற வண்டிக்கு ‘எதிரொலி’ என்றும் பெயர் வைத்தார்கள். டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு ஒளி 4 மணி நேரம், எதிரொலி 5 மணி நேரம். மெதுவான வண்டியை மெதுவானது என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்குக் கூச்சமில்லை. இங்கே மெதுவான வண்டி என்று ஒன்று இருக்கிறதா? பாகூர் போகும் பஸ்ஸிலும் ‘ஸ்பீடு’தான்.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். ‘ஃபாஸ்ட் ஃபுட்’ வண்டியில் நூடுல்ஸுக்கு நின்ற நேரத்தில் வீட்டில் சோறு வடித்துக் குழம்பும் வைத்திருக்கலாம். ‘ஹை ஸ்பீடு’ இன்டர்நெட் மழைத் தூறலைக் கண்டால் படுத்துக்கொள்ளும். ஆபீஸில் ‘மோஸ்ட் அர்ஜென்ட்’ என்று சிவப்பில் எழுதிய ஃபைல் ஒன்றைப் பார்த்தேன். அதன் மேல் இருந்தது ‘வெரி அர்ஜென்ட்’. இரண்டின் மேலும் டேபிள் ஃபேன்.

வில்லியனூர்க்காரனாக ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் திருக்காமீசுவரர் தேரில் ஒரு ஸ்டிக்கரும் கிடையாது. பிரெஞ்சு கவர்னர் காலத்திலிருந்து இன்றைய துணைநிலை ஆளுநர் காலம் வரை பெரிய பதவிக்காரர்களே வடம் பிடித்து இழுத்திருக்கிறார்கள். முட்டுக்கட்டை போடுபவர் போட்டால் நிற்கும், எடுத்தால் நகரும். ‘உடனே எடுத்துடுவோம்’ என்று யாரும் சொல்வதில்லை. நிலைக்கு வந்துசேர்கிறது.

அந்தக் காரணத்தைச் சொல்லவில்லையே என்கிறீர்களா? சொல்ல வாயெடுக்கும்போது கண்டக்டர் மீதி இரண்டு ரூபாய் தராதது ஞாபகம் வந்துவிட்டது. விடுங்கள். விழுப்புரத்திலிருந்து எங்கள் பக்கம் வருவதாக இருந்தால் கண்ணாடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று படித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருப்பவர் ஆக்டிங் டிரைவரா, அசல் டிரைவரா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.