எனக்குன்னு தனியா ஒண்ணும் பண்ணாதம்மா

இவர் வருவதற்கு முன்பே இவருடைய பட்டியல் வந்து சேர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வியாழக்கிழமையே போன். "எனக்குன்னு தனியா ஒண்ணும் பண்ணாதம்மா. நீங்க என்ன சாப்பிடறீங்களோ அதுவே எனக்குப் போதும்." இதை நம்பிப் போனை வைத்துவிடுகிறவர்கள் புதிதாகக் கல்யாணமானவர்கள். அனுபவப்பட்டவர்கள் வைக்க மாட்டார்கள். "என்ன, இந்த அரிசி மட்டும் இப்ப சேத்துக்கறதில்லை" என்று மெல்ல ஆரம்பமாகும். அரிசிக்குப் பின்னால் உருளைக்கிழங்கு, அதற்குப் பின்னால் புளி, புளியின் கையைப் பிடித்துக்கொண்டு தேங்காய். கடைசியில், "அதுக்காகச் சிரமப்படாதே, கொஞ்சம் மோர் இருந்தாப் போதும் எனக்கு." அந்த மோர் புளித்திருக்கக் கூடாது, ஃப்ரிட்ஜில் வைத்ததாக இருக்கக் கூடாது, மிக்ஸியில் அடித்ததாக இருக்கவே கூடாது என்பதெல்லாம் இலையில் உட்கார்ந்த பிறகு தெரியவரும்.

இவரைச் சித்தப்பா என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. சில குடும்பங்களில் அத்தையாக இருப்பார்.

உண்மையிலேயே பத்தியம் இருப்பவர்கள் வேறு ரகம். நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. இனி யாரைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் ஒருவராவது அளவுச் சாப்பாடு கேட்கத்தான் கேட்பார். கேட்கட்டும். எங்களுக்குத் தெரிந்த சிறுநீரக நோயாளி ஒருவர் இருக்கிறார். பொட்டாசியம் ஆகாது என்பதால் காய்களைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்வார். இளநீர் வேண்டாம் என்பார். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், நல்லது செய்வதாக நினைத்து அதைப் போட்டுவிடாதீர்கள் என்பார். அவ்வளவுதான் பேச்சு. வந்து, சாப்பிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போவார். வேர்க்கடலை ஆகாத குழந்தையின் அம்மாவும் அப்படித்தான்: என்ன எண்ணெய், சட்னிக்கு எந்தக் கரண்டி என்று கேட்பாள், பிறகு வாயே திறக்க மாட்டாள். இவர்களுக்குச் சமைப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. எது ஆகாது என்று அவர்களுக்கே தெரியும்.

சித்தப்பாவுக்கு எது ஆகாது என்பது பஞ்சாங்கத்தையும் வாட்ஸ்ஆப்பையும் பொறுத்தது. 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்ததைத் தனக்கே வந்த கடிதமாக எடுத்துக்கொண்டவர் அவர். அன்றிலிருந்து அவருக்குச் சாமை தனி, வரகு தனி. நார்ச்சத்து கூடுதலே தவிர, சாமையிலும் பெரும்பங்கு மாவுச்சத்துதான் என்று என் கணவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அதெல்லாம் சும்மா மாப்ளே" என்று சொல்லி மூன்றாம் தடவை சாமைச் சாதம் போட்டுக்கொண்டார். அரிசி என்றால் ஒரு கரண்டிக்கு மேல் தொடமாட்டார். அதில் கட்டுப்பாடு.

சனிக்கிழமை ஒருபொழுது. ராத்திரி சோறு கிடையாது, பலகாரம்தான். பலகாரம் என்றால் ஆறு இட்லி, அதற்குப் பின் "ஒரே ஒரு" ஊத்தப்பம். இட்லியில் இருப்பது என்ன என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. ஊறி, அரைபட்டு, புளித்துப் பொங்கிய பிறகு அது அரிசி என்ற உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிடுகிறது போலிருக்கிறது. கிருத்திகை, சஷ்டி என்றால் வெங்காயம், பூண்டு ஆகாது. ஹோட்டல் சாம்பாரில் இருந்தால் மட்டும் பாதகமில்லை. "அவன் என்ன போடறான்னு நமக்குத் தெரியாதேம்மா. தெரியாம சாப்பிட்டா தோஷம் இல்லை." சின்ன வெங்காயம் முழுசு முழுசாக மிதக்கும்போதுகூடத் தெரியாமல் சாப்பிடப் பழகியிருக்கிறார்.

இவர் ஒருவர் மட்டும் வந்தால் சமாளித்துவிடலாம். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து வந்தார்கள். அக்கா மகள் வீகன்: பால், தயிர், நெய், தேன் எதுவும் கூடாது. நாத்தனார் வீட்டுக்காரர் பேலியோ: அரிசி, பருப்பு, கோதுமை மூன்றும் விலக்கு, நெய்யும் முட்டையும்தான் சாப்பாடு. நெய் விட்டால் இவள் எழுந்து போவாள், விடாவிட்டால் அவர் பட்டினி. முட்டையை வேகவைக்கலாம் என்றால், புரட்டாசி மாதத்தில் அந்த அடுப்பில் முட்டைச் சட்டி ஏறினால் சித்தப்பாவுக்கு வீடே ஆகாது. கூடவே பக்கத்து வீட்டுக் குழந்தை, அதற்குக் கோதுமை ஆகாது, டாக்டர் சொன்னது. கோதுமைதானே, இன்றைக்குச் சப்பாத்தி இல்லையே என்று நிம்மதியாக இருந்தபோது பெருங்காய டப்பாவின் பின்பக்கம் கண்ணில் பட்டது. நாம் வாங்குகிற கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலானவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். பொடி எழுத்தில் அதை ஒப்புக்கொண்டும் இருப்பார்கள்.

ஆக, ஒரு ரசம் மூன்று ரசமாயிற்று. பூண்டு தட்டிப் போட்டது ஒன்று, சித்தப்பாவுக்குச் சஷ்டி என்பதால் பூண்டுக்குப் பதில் பெருங்காயம் போட்டது ஒன்று, குழந்தைக்காக இரண்டுமே இல்லாமல் மிளகும் சீரகமும் மட்டும் ஒன்று. கரண்டிகள் மாறிவிடக் கூடாதென்று காம்பில் நூல் கட்டினேன். மூன்றுக்கும் பொதுவாக வீட்டில் மிஞ்சியது தண்ணீர் ஒன்றுதான் என்று நினைத்தேன். அதையும் சித்தப்பா வெந்நீராகக் கேட்டார்.

பந்தி நடக்கும்போது அவர் மூக்கு வேலை செய்ய ஆரம்பித்தது. "அந்தப் பக்கம் என்னம்மா வாசனை?" பூண்டு ரசம் சித்தப்பா, உங்களுக்கு இன்னிக்கு ஆகாதே என்றேன். "ஆகாதுதான்." கொஞ்ச நேரம் தன் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா வாயுவுக்குப் பூண்டு மருந்து. மருந்துக்கு விரதம் பாக்கக் கூடாதுன்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க. ஒரு டம்ளர் குடு." மருந்தை மூன்று வேளைக்கும் சேர்த்து ஒரே மூச்சில் குடித்தார்.

பாயசம் வந்தது. தேங்காய்ப்பால் விட்ட பருப்புப் பாயசம், அக்கா மகளுக்காகச் செய்தது. சித்தப்பாவின் இலையைத் தாண்டிப் போக இருந்தேன். கை குறுக்கே வந்தது. "வெல்லம்தானேம்மா?" வெல்லத்தில் பெரும்பகுதி சர்க்கரையில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான் என்று இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை, சாமையிலேயே பாடம் கற்றுவிட்டோம். போனில் தேங்காய் ஆகாது என்றதையும் நான் நினைவுபடுத்தவில்லை. இரண்டாவது கிண்ணத்துக்கு அவரே சமாதானம் சொன்னார்: "ராத்திரி மாத்திரையில அரை சேத்துப் போட்டுக்கறேன்." டாக்டரைக் கேட்டீர்களா என்றதற்கு, டாக்டர் ரொம்ப நல்ல மனுஷர் என்று பதில் வந்தது.

இவரைப் பார்க்க வேண்டிய இடம் இவருடைய வீடு. அங்கே நாம் போனால் முன்கூட்டி ஒரு கேள்வியும் கிடையாது. "எங்க வீட்ல எல்லாம் சாதாரணச் சாப்பாடுதான், அதுதான் உடம்புக்கு நல்லது" என்று உட்காரவைத்துவிடுவார். போன மாதம் போயிருந்தபோது இலை நிறைய எண்ணெய்க் கத்தரிக்காய். சிறு வயதிலிருந்தே எனக்குக் கத்தரிக்காய் ஆகாது. தின்றால் உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். சொன்னேன்.

"அதெல்லாம் மனப்பிரமைம்மா. கடைக் கத்தரிக்காய்தான் அரிக்கும், இது நம்ம கொல்லையில காய்ச்சது" என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "இவளுக்கு இன்னும் ரெண்டு காய் போடு. கேக்கக் கூச்சப்படறா."