கார்ப்பரேட்டர் எங்கே? – பொம்மனஹள்ளி கேள்வி-பதில்

கே: பொம்மனஹள்ளிக்குத் தனி நகரசபை இருந்ததாமே?
– ஒரு கல்லூரி மாணவி, பேகூர் ரோடு

ப: இருந்தது. 2007-ல் அதையும் சேர்த்து ஏழு நகரசபைகள், கெங்கேரி, 110 கிராமங்கள் என்று எல்லாவற்றையும் பெங்களூருவின் பழைய மாநகராட்சியோடு இணைத்துத்தான் பி.பி.எம்.பி. என்ற பெருநகர மாநகராட்சி பிறந்தது. ஊர் பெரிதானது, நம் கையில் இருந்த அதிகாரம் தூரம் போனது.

கே: கடைசியாகக் கார்ப்பரேட்டருக்கு ஓட்டுப் போட்டது எப்போது சார்?
– மளிகைக் கடைக்காரர், மங்கம்மனபாளையா

ப: 2015 ஆகஸ்டில். அந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை 2025-ல் பி.யூ.சி.க்குப் போய்விட்டது. அப்போதும் அடுத்த தேர்தல் வரவில்லை.

கே: இப்படித் தேர்தலே நடத்தாமல் இருக்கச் சட்டத்தில் இடம் உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், எச்.எஸ்.ஆர். லேஅவுட்

ப: இல்லை ஐயா. அரசியல் சட்டத்தின் 243யு பிரிவு தெளிவாகச் சொல்கிறது: மாநகராட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு, அது முடியும் முன்பே அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும். நம் மன்றம் 2020 செப்டம்பர் 10-ல் முடிந்தது. அந்த டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தேர்தலை நடத்தச் சொன்னது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு வார்டுக் கணக்கு தொடங்கியது. 198 என்றார்கள், 243 ஆக்கினார்கள், 225-க்கு இறக்கினார்கள். இடஒதுக்கீட்டு வழக்கு வேறு. 2025 செப்டம்பரில் மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்தார்கள். நாம் பெங்களூரு தெற்கில். எல்லைக் கோட்டை அழித்து அழித்து வரையும் வரை ஆட்டம் தொடங்காது. சென்னையும் 2016-லிருந்து 2022 வரை இப்படித்தான் மன்றமில்லாமல் கிடந்தது. கட்சி எதுவானாலும் இந்த ஒரு விஷயத்தில் அரசுகள் ஒற்றுமையாக இருப்பது எனக்குக் கோபமூட்டுகிறது.

கே: எம்.எல்.ஏ. இருக்கிறாரே, போதாதா?
– ஆட்டோ ஓட்டுநர், கூட்லு கேட்

ப: சட்டம் இயற்றுவது அவர் வேலை. ராஜகால்வாய் என்ற பெரிய மழைநீர்க் கால்வாயில் அடைத்த குப்பைக்கும் அவர்தான் என்றால் இரண்டும் நடக்காது. மழைநீர் வீட்டுக்குள் வந்த இரவில் கதவைத் தட்ட நம் தெருக்காரர் ஒருவர் வேண்டும். அதிகாரி மாற்றலாகிப் போவார். கார்ப்பரேட்டர் மறுபடி ஓட்டுக் கேட்டு வந்தே ஆக வேண்டும்.

கே: அமெரிக்காவில் என் மகன் இருக்கும் சிறு நகரத்தில், மன்றக் கூட்டத்தில் யாரும் எழுந்து மூன்று நிமிடம் பேசலாமாம். நமக்கு?
– ஒரு தாய், பொம்மனஹள்ளி

ப: நியூ இங்கிலாந்துச் சிற்றூர்கள் சிலவற்றில் பேச்சு மட்டுமில்லை அம்மா, மக்களே கூடிக் கை தூக்கி ஊரின் வரவுசெலவை நிறைவேற்றுகிறார்கள். நமக்கு வார்டு கமிட்டி உண்டு. மாதத்தின் முதல் சனிக்கிழமை கூட வேண்டும் என்று ஏற்பாடும் செய்தார்கள். ஆனால் தலைமை தாங்க வேண்டிய கார்ப்பரேட்டர் இல்லாத கமிட்டிக்கு அதிகாரிதான் எஜமான். கூட்டம் நடந்தால் போங்கள், கேள்வியை எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நடக்காவிட்டால், ஏன் நடக்கவில்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

கே: கார்மெண்ட்ஸில் வேலை. வாடகை வீடு, அதுவும் பி காத்தா. எனக்கு ஓட்டு உண்டா?
– ஒரு தையல் தொழிலாளி, ஹொங்கசந்திரா

ப: உண்டு தங்கச்சி. காத்தா என்ற சொத்துப் பதிவு வீட்டுக்குத்தான், ஓட்டு உங்களுக்கு. புதிதாகச் சேரப் படிவம் 6, ஓட்டு வேறு ஊரில் இருந்தால் முகவரி மாற்றப் படிவம் 8. தேர்தல் தேதி அறிவிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிறே எழுதிவிடுங்கள், பக்கத்து அறைத் தோழிகளையும் சேர்த்துக்கொண்டு.