தடைக்காலத்தில் பெருகுபவை

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது என்னும் தடை, மீன்கள் இடையூறின்றி இனம் பெருக்க வேண்டும் என்பதற்காக விதிக்கப்படுவதாகும். 2017க்கு முன் 45 நாட்களாக இருந்த இக்காலம் நீண்டதால் மீன் எவ்வளவு பெருகியது என்பதை அறிஞர்கள் ஆராய்ந்து சொல்ல வேண்டும். ஆனால் கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலும், சிதம்பரத்தை அடுத்த முடசலோடை, அன்னங்கோயில் இறங்குதளங்களிலும் அதே நாட்களில் படகுச் செலவுகள் இனம் பெருக்குவதைக் காண ஆராய்ச்சி எதுவும் தேவைப்படுவதில்லை.

படகைக் கரையேற்றியவுடன் முதலில் கண்ணில் படுவது கொட்டலசு, அதாவது தலையால் படகின் அடியில் ஒட்டிக்கொண்டு காலால் உணவை வாரி உண்ணும் சிறு ஓட்டுயிரி. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தருகே உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் இது ஆய்வுப் பொருள். படகு உரிமையாளருக்கோ, வாடகை தராததோடு வேகத்தைக் குறைத்துத் தன் பயணத்துக்கான டீசலையும் அவர் தலையிலேயே கட்டும் குடித்தனக்காரர். அதைச் சுரண்டி முடித்த பின்னரே மரப்படகின் உண்மையான சோதனை தொடங்குகிறது. ஓடாவி எனப்படும் படகுத் தச்சர் சிறு சுத்தியலால் பலகைகளைத் தட்டிக்கொண்டே வர, ஓசை மாறும் இடத்தில் உரிமையாளரின் முகமும் மாறும். மட்கிய பலகை ஒன்றைக் கழற்றினால் பக்கத்துப் பலகையும், அதைக் கழற்றினால் படகின் விலா எலும்பாகிய வங்கும் பழுதென்று தெரியவருவது வழக்கம்; பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து நீர் புகாமல் அடைக்கும் கலப்பத்து வேலைக்கு மட்டும் ஒதுக்கிய பணம் அதற்குள் தீர்ந்திருக்கும்.

சுக்கானுக்கு அருகில் பொருத்தப்படும் துத்தநாகக் கட்டி தனியாகக் குறிப்பிடத்தக்கது. உப்புநீரில் வேறுவேறு உலோகங்கள் சேர்ந்திருக்கும்போது உண்டாகும் மின்னோட்டத்தால் இரும்பு அரிக்கப்படாமலிருக்கத் தான் முந்திக் கரைவதே இதன் பணி; ஆகவே இது தேய்ந்தால் புதிது வாங்க வேண்டும், தேயாவிட்டால் ஏன் தேயவில்லை என்று கவலைப்பட வேண்டும்.

இவை பராமரிப்பு மட்டுமே. மேம்படுத்துதல் என்பது, கூடுதல் குதிரைத்திறனுள்ள என்ஜின் வாங்கி, அதைத் தாங்க அடிக்கட்டையைப் பெருக்கி, அதற்கேற்ற விசிறியும் டீசல் தொட்டியும் மாற்றி, அத்தனை டீசலுக்கும் ஈடாக மீன் பிடித்தாக வேண்டும் என்பதால் ஐஸ் அறையை விரித்து, கடைசியில் இந்த என்ஜினுக்கு அனுமதி உண்டா என்று ஆய்வுக்கு வரும் மீன்வளத் துறை அலுவலர் கேட்கும்போது விழிப்பதாகும். சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் ஓடும் தேர் நான்கு வீதிகளைச் சுற்றி நிலைக்கு வந்துவிடும். அதற்குப் பெரிய என்ஜின் பூட்டலாம் என்று இதுவரை யாருக்கும் தோன்றாதது ஊரின் நற்பேறு.

இதைக் கண்டு சலித்தோர் கட்டுமரக் காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவதுண்டு. கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவதே அதன் பராமரிப்பு. படகையே பிரித்துப் போட்டுவிட்டால் அதில் பழுது பார்க்க என்ன இருக்கிறது? பருத்திப் பாயோ அவ்வளவு எளியதன்று. பாயைத் தாங்கும் குறுக்குக் கழியாகிய பருமலையும், பாயை இழுத்துக் கட்டும் கயிறாகிய தாமானையும் ஓயாமல் கவனித்தாக வேண்டும், காற்று இலவசம் என்பதால் பாய்மரம் சிக்கனம் என்போர் இக்கணக்கைப் பார்ப்பதில்லை.

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும், இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ என்னும் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாத இறுதியில் திரும்பினர். ஃபிரீமேன்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என நான்கு துறைமுகங்களைத் திட்டமிட்டே தொட்டதற்குப் பொருள் நிரப்புதலோடு பழுதுபார்ப்பும் ஒரு காரணம். கடலூர்க்காரர் அதே வேலைக்கு இத்தனை கண்டம் கடக்க வேண்டியதில்லை. அடுத்த படகிலிருந்து ஓடாவி இறங்கி வந்தால் போதும். ஆனால் ஜூன் இரண்டாம் வாரத்தில் அவரைப் பிடிப்பது வஞ்சிரம் பிடிப்பதைவிடக் கடினம்.