வசன அண்ணாச்சி

எங்கள் நெல்லைப் பக்கத்துச் சபைகளில் ஆளுக்குப் பஞ்சம் வரலாம், வசன அண்ணாச்சிக்குப் பஞ்சம் வராது. அசனப் பந்தியில் வாளியை அடிவரை துழாவச் சொல்லிக் கறித்துண்டாகப் போட்டுக்கொள்வார்களே, அந்த மாதிரிதான் அவர் வேதம் வாசிப்பது. குழம்பு மற்றவர்களுக்கு.

ஜெபக்கூட்டத்துக்கு மூன்று பேர்தான் வந்தார்களா? உடனே மத்தேயு 18:20. கொஞ்சம் பேர் கூடினாலும் ஆண்டவர் நடுவில் இருப்பார் என்று ஒரு ஆறுதல். ஐந்து வசனம் மேலே போனால், தப்புச் செய்த சகோதரனைத் தனியாகக் கண்டி, கேட்காவிட்டால் சாட்சிக்கு ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போ என்று பஞ்சாயத்து நடந்துகொண்டிருக்கும். அதெல்லாம் அவர் கண்ணில் படாது.

மகன் பைக்கில் பிலிப்பியர் 4:13 ஸ்டிக்கர், எல்லாம் முடியும் என்ற தெம்புக்கு. காவலில் கிடந்த பவுல், பட்டினியோ நிறைவோ இரண்டுக்கும் பழகிவிட்டேன் என்று சொன்ன கையோடு எழுதியது அது. பையனுக்கு நாலு அரியர். அந்தப் பழகிக்கொள்ளும் பகுதியை அவன் வாசிக்காமலே கடைப்பிடிக்கிறான்.

வீட்டுப் பெயர் ‘மிஸ்பா’, பளிங்கில் வெட்டியது. ஆதியாகமம் 31-இல் மாமன் லாபானும் மருமகன் யாக்கோபும் ஒருவரை ஒருவர் நம்பாமல் கல்லைக் குவித்து, இதைத் தாண்டி நீயும் வராதே, நானும் வரமாட்டேன் என்று கடவுளைக் காவலுக்கு வைத்த இடம். அண்ணாச்சிக்கும் அடுத்த வீட்டுத் தம்பிக்கும் நடுச்சுவர் வழக்கு கோர்ட்டில் இருக்கிறது. இடம் பொருள் பொருந்தி அவர் எடுத்த ஒரே வசனம் இதுதான். அது அவருக்கே தெரியாது.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. பவுல் நம்பர் போட்டுக் கடிதம் எழுதவில்லை. 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர்தான் புதிய ஏற்பாட்டை வசனம் வசனமாக நறுக்கி எண் போட்டு அச்சிட்டார். நறுக்கி வைத்தால் எடுத்து வாயில் போடத்தானே தோன்றும்?

இந்த டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் அண்ணாச்சி எடுத்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. நல்ல எதிர்காலம், நம்பிக்கை. “ஈஸ்டருக்குள்ள தீர்ப்பு நம்ம பக்கம்தான்” என்று கோயில் வாசலிலேயே அறிவித்துவிட்டார்.

ரிட்டையர்டு டீச்சர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “தம்பி, பத்தாம் வசனத்தையும் பாருங்க. பாபிலோனுக்குப் பிடிச்சுட்டுப் போன சனங்களுக்கு எரேமியா எழுதின கடுதாசி அது. எழுவது வருசம் ஆகும்னுல்லா போட்டிருக்கு” என்றார்.

அண்ணாச்சி விரல்விட்டு எண்ணினார். அவருக்கு இப்போதே 61.

“நம்ம கோர்ட்டுக்கு அது சரியான கணக்குதான், டீச்சர்.”

“கேலி பண்ணாதீங்க. கடுதாசிய மேலேயிருந்து முழுசா வாசிங்க.”

அடுத்த ஞாயிறு முகமெல்லாம் பல்லாக வந்தார். “வாசிச்சிட்டேன் டீச்சர். நீங்க சொன்னது ரொம்பச் சரி. அஞ்சாம் வசனத்துலயே வீட்டைக் கட்டுங்கன்னு தெளிவாப் போட்டிருக்கு!”

இருக்கிற ஊரின் சமாதானத்தைத் தேடச் சொல்லும் ஏழாம் வசனத்துக்கு அவர் வரவில்லை போலிருக்கிறது. திங்கட்கிழமை விடிகாலை, நடுச்சுவரை ஒட்டி ஒரு லோடு ஜல்லி இறங்கியது.