கரி எஞ்சின் வாங்கப் போற பேராண்டிக்கு

வாங்கு ராசா, தாராளமா வாங்கு. கூட்டாளிங்க நாலு பேரு சேந்து காசு போட்டு, புல்லு மண்டிக் கிடக்குற ஒரு கரி எஞ்சினைத் தூக்கிட்டு வந்து, துடைச்சு மினுக்கி, அங்க அமெரிக்காவுலயே ஏதாவது பொழுதுபோக்குப் பூங்காவுக்கு வாடகைக்கு விடப் போறதாச் சொன்னியே, அன்னையிலேருந்து உன் அப்பாயிக்குத் தூக்கம் இல்ல. நான் நல்லாத் தூங்குறேன். நம்ம வகையறாவுல கடன் வாங்கி வீடு கட்டுனவன் உண்டு, கல்யாணம் பண்ணுனவன் உண்டு, பஞ்சாயத்துத் தேர்தல்ல நின்னவன்கூட ஒருத்தன் உண்டு. கடனை வாங்கி ஆவியா விடப் போறவன் நீ ஒருத்தன்தான்.

எஞ்சின் சல்லிசா வருதுன்னு துள்ளுற. அது என்னைக்குடா சல்லிசா வராம இருந்துச்சு? 1894-ல பால்ட்வின் கம்பெனி செஞ்ச எஞ்சின் ஒண்ணு லூசியானாவுல கரும்புச் சுமை இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு. டிஸ்னிலேண்டுக்காரங்க அதை ஆயிரத்துச் சொச்சம் டாலருக்கு வாங்கினாங்க. ஓட வைக்க ஆன செலவு 35,000 டாலருக்கு மேல. அதுவும் 1958-ஆம் வருசத்து டாலர். ஆயிரம் டாலருக்கு எஞ்சினான்னு கேக்குறவன் வாயைப் பிளப்பான். நீயும் அந்த ஆயிரத்தை மட்டும் ஊருக்குச் சொல்லு. மிச்சம் உன் சம்சாரம் காதுல விழாமப் பாத்துக்க.

அந்த எஞ்சினுக்கு ஃபிரெட் கர்லின்னு பேரு வச்சாங்க. தண்டவாளத்துக்குத் தன் பேரைப் போடச் சொல்லிக் காசு கொடுத்த சாண்டா ஃபே ரயில் கம்பெனியோட பெரிய தலை அவரு. அதுக்கு அடுத்து நியூஜெர்சி மணல் கம்பெனியில இருந்து வந்தது 1925-ஆம் வருசத்து எஞ்சின். அதுக்கு எர்னஸ்ட் மார்ஷ்னு பேரு. அவரும் அதே கம்பெனித் தலைவருதான். சாண்டா ஃபே 1974-ல கணக்கை முடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. பேரு மட்டும் இன்னும் புகை விட்டுக்கிட்டுச் சுத்துது. அதனால எஞ்சினுக்குக் குலதெய்வம் பேரு வைக்கலாமான்னு இப்பவே என்கிட்டக் கேக்காத. எவன் பணம் போடுறானோ அவன் மாமியார் பேரா இருந்தாலும் வச்சுட்டுப் போ.

ஒரே ஒரு டாலருக்குக் கைமாறின எஞ்சினும் உண்டு. உன் வட கரோலினாவுலயே இருக்கு, ட்வீட்சி 12-ஆம் நம்பர். 1917-ல செஞ்சது, டென்னசிக்கும் வட கரோலினாவுக்கும் நடுவுல மலைப்பாதையில ஓடினது. 1950-ல அந்தக் குறுகல் பாதையை மூடினாங்க. ரயில் பைத்தியம் பிடிச்ச சில பேரு அதை வர்ஜீனியாவுக்குக் கொண்டுபோய்ச் சுற்றுலா வண்டியா ஓட்டினாங்க. 1954-ல ஹேசல் புயல் வந்து பாதையை வழிச்சு எடுத்துட்டுப் போயிருச்சு. அப்புறம் ஜீன் ஆட்ரின்னு ஒரு நடிகர், குதிரையில உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டே வருவாரே அவரு, சினிமாவுக்கு ஆகும்னு பேசி வச்சாரு. கலிபோர்னியாவுக்கு ஏத்திட்டுப் போற கூலியும் பழுது பாக்குற செலவும் கணக்குப் போட்டதும் மனுசனுக்குப் பாட்டு நின்னுபோச்சு. குரோவர் ராபின்ஸுங்கிறவருக்கு ஒரு டாலருக்குத் தள்ளிவிட்டாரு.

ராபின்ஸ் கெட்டிக்காரரு. எஞ்சினை அதோட மலைக்கே திருப்பிக் கொண்டுவந்து, 1957 ஜூலை 4-ல புளோயிங் ராக் பக்கம் ஓட விட்டாரு. நடுவழியில துப்பாக்கிச் சண்டை நாடகத்தையும் சேத்துக்கிட்டு டிக்கெட் போட்டாரு. கலிபோர்னியாவுல வால்டர் நாட் இந்த வித்தையை 1952-லயே காட்டியிருந்தாரு. மூடிக்கிட்டு வந்த கொலராடோ மலை ரயில்ல இருந்து 1881-ல செஞ்ச எஞ்சின், பெட்டி எல்லாத்தையும் அள்ளிட்டு வந்து தன்னோட பெர்ரிப் பழத் தோட்டத்துல ஓட விட்டாரு. அங்கயும் முகமூடிக் கொள்ளைக்காரன் பெட்டிக்குள்ள ஏறுவான். எழுபது வருசமாக் கொள்ளை போயும் நட்டப்படாத ரயில் உலகத்துல அது ஒண்ணாத்தான் இருக்கும்.

இந்தக் கதையில எங்கயாவது எஞ்சின் சம்பாதிச்சுச்சாடா? சம்பாதிச்சது டிக்கெட் கவுண்டர். கோழிக்கறிச் சாப்பாடு, ஐஸ்கிரீம், தொப்பி. உன்கிட்ட எஞ்சின் மட்டும்தான இருக்கப் போகுது?

வாடகை வரும்ங்கிற. வரும். ஃபுளோரிடாவுல டிஸ்னி உலகத்துல ஓடுற நாலு எஞ்சினும் மெக்சிகோவுல யுகடான் பக்கம் கழிச்சுப் போட்டுக் கிடந்தது. ரோஜர் புரோகிங்கிற மெக்கானிக் 1969-ல தேடிப் போய், தலைக்குச் சுமார் 8,000 டாலர்னு முடிச்சு, டாம்பாவுல கப்பல் பழுது பாக்குற பட்டறையில போட்டுத் தட்டி நிமிர்த்தி, 1971-ல பூங்கா திறக்குறப்ப ஓட்டிக் காட்டினாரு. அவ்வளவு சீரும் சிறப்புமா ஓடின ரயிலை 2018 டிசம்பர்ல நிறுத்திட்டாங்க. ஏன்னா பாதைக்குப் பக்கத்துல புதுசா ஒரு ரோலர் கோஸ்டர் கட்டணும். திரும்ப ஓடினது 2022 டிசம்பர்ல. சொந்த எஞ்சினையே நாலு வருசம் சும்மா நிறுத்தி வச்சாங்கன்னா, வாடகைக்காரன் எஞ்சின் எந்த மூலைக்குடா? ஒப்பந்தத்துல "ஓடாத நாளுக்கும் வாடகை உண்டு"ன்னு ஒரு வரி எழுதச் சொல்லு. சிரிப்பான். அவன் சிரிச்சு முடிக்கிற வரைக்கும் பேனாவை மூடாத.

சரி, வாங்கியாச்சுன்னே வச்சுக்குவோம். உன் கூட்டாளிங்க முதல் வேலையா என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியும். கறுப்புப் பெயிண்டும் செவப்புப் பெயிண்டும் வாங்குவாங்க. மணியைத் தேய்ச்சுத் தங்கமாட்டம் ஆக்கி, அதுமேல கையை வச்சுக்கிட்டுப் படம் எடுத்துக்குவாங்க. எடுக்கட்டும். அந்த நேரத்துல நீ தீ எரியுற ஃபயர்பாக்ஸுக்குள்ள, எஞ்சின் ஆறிக் கிடக்குறப்ப, தலையை விட்டு, மேல இருக்குற கூரைத் தகட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. ரயில்வே ஷெட்டுல கரி அள்ளிப் போட்ட கை இது. எஞ்சினோட ஜாதகம் அந்தத் தகட்டுலதான் இருக்கு.

பாய்லர் மேல போத்தியிருக்குற தகட்டைக் கழட்டினா உள்ள சூடு காக்குற பூச்சு இருக்கும். பழைய எஞ்சின்ல அது பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். வீரம் காட்டிச் சுரண்டாத. அதை எடுக்குறதுக்குன்னு உடுப்பு மாட்டிக்கிட்டு ஆளு வருவான், அவன் கூலி எஞ்சின் விலையை எட்டிப் பாக்கும். அடுத்து உள்ள இருக்குற டியூப் அத்தனையையும் உருவணும். தகட்டுல சதுரம் சதுரமாக் கோடு கிழிச்சு, ஒலிக்கருவி வச்சு ஒவ்வொரு எடத்துலயும் கனம் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அளக்கணும். உள்தகட்டையும் வெளித்தகட்டையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு நூத்துக்கணக்குல ஸ்டே போல்ட் இருக்கும். சுத்தியலால தட்டித் தட்டிக் கேளு, நல்லது கணீர்ங்கும், உடைஞ்சது பொத்துனு சொல்லும். பல ஸ்டேயில நடுவுல ஒரு சின்னத் துளை போட்டிருப்பாங்க. ஸ்டே உடைஞ்சா அந்தத் துளை வழியாத் தண்ணி கசிஞ்சு காட்டிக் கொடுக்கும். உனக்கு முன்னாடி வச்சிருந்த மகராசன் அந்தத் துளையை அடைச்சுப் பெயிண்டு அடிச்சிருந்தான்னா, உன்கிட்ட வித்தவன் என்னைவிடக் குசும்பு பிடிச்சவன்னு அர்த்தம்.

இது எதுக்கு இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னா, தண்ணி ஆவியாச்சுன்னா 1,600 மடங்கு விரியும். 1995 ஜூன்ல பென்சில்வேனியாவுல கெட்டிஸ்பர்க் பக்கம் ஒரு சுற்றுலா ரயில். தண்ணி மட்டம் காட்டுற கேஜ் கிளாஸுக்குப் போற வழி அடைஞ்சு கிடந்துச்சு, பாய்லர்ல தண்ணி இறங்கினது யாருக்கும் தெரியல. ஃபயர்பாக்ஸ் கூரை தண்ணி இல்லாமப் பழுத்துக் கிழிஞ்சிருச்சு. எஞ்சின்ல நின்ன மூணு பேரு வெந்துபோனாங்க. அந்த எஞ்சினைக் கட்டின கனடாக்காரன் ஸ்டேயை அமைச்ச விதத்துல தகடு மொத்தமாப் பிய்யாமக் கொஞ்சம் கொஞ்சமாக் கிழிஞ்சுச்சு. இல்லேன்னா பாய்லரே பறந்திருக்கும். அதுக்கப்புறம் 2000-ல சட்டத்தை இறுக்கினாங்க. 1,472 நாள் ஓடினாலும் சரி, 15 வருசம் ஆனாலும் சரி, எது முந்துதோ அப்ப எஞ்சினை எலும்பு வரைக்கும் பிரிச்சுக் காட்டணும். பூங்காவுக்குள்ளயே சுத்துற வண்டிக்கு அந்தச் சட்டம் நேராப் பொருந்தாது, மாநிலத்து பாய்லர் இன்ஸ்பெக்டர் பாத்தாப் போதும்னு உங்கள்ல சட்டம் தெரிஞ்சவன் ஒருத்தன் வாய் திறப்பான். பொருந்தாதுங்கிற சேதி ஆவிக்குத் தெரியாதுன்னு அவன்கிட்டச் சொல்லு. முதல் தரம் தீ மூட்டுறப்ப அவனைக் கேஜ் கிளாஸ் பக்கத்துல நிக்கவும் சொல்லு.

சக்கரத்துக்கு வருவோம். தேஞ்ச சக்கரத்தை அப்படியே தூக்கிப் போட வேண்டியதில்ல, மேல இருக்குற உருக்குப் பட்டையை மட்டும் மாத்தலாம். நம்ம ஆசாரி வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா ஏத்துறதைச் சின்ன வயசுல வாயைப் பிளந்துக்கிட்டுப் பாத்தியே, அதே வேலைதான். எருவாட்டித் தீக்குப் பதிலா சுத்தியும் கேஸ் நெருப்பு. காய்ஞ்சு விரிஞ்சதும் மாட்டி, ஆற விட்டா இறுகிப் பிடிச்சுக்கும். ஒரே ஒரு வித்தியாசம், ஆசாரிக்குக் கூலி நெல்லு.

இப்படி டியூப் புதுசு, ஸ்டே புதுசு, பட்டை புதுசு, தகடு பாதி புதுசுன்னு ஆனப்புறம் "நூறு வருசத்து எஞ்சின்"னு பலகை மாட்டலாமான்னு உனக்கு மனசு உறுத்தும். உறுத்தாம மாட்டு. டிக்கெட் வாங்கின புள்ளைங்க ஊதலைக் கேக்க வந்திருக்கு, தகட்டோட தேதியைப் பாக்க வரல.

எதைப் போட்டு எரிக்கப் போற? டென்னசியில டாலிவுட் பூங்காவுல நெசமான கரி போடுறாங்க. அதுல ஒரு எஞ்சின் 1943-ல ராணுவத்துக்குச் செஞ்சது, அலாஸ்கா பக்கம் பனியில உழைச்சது. கண்ணுல கரித்தூள் விழும்னு முன்கூட்டியே எச்சரிக்கை பண்ணித்தான் ஏத்துவாங்க. நான் கண்ணுல கரி விழுந்ததுக்குச் சம்பளம் வாங்கினேன். அங்க ஜனங்க காசு கொடுத்து விழுத்திக்குது. டிஸ்னிலேண்டுல வேற கூத்து. 2009-லேருந்து பூங்காச் சமையக்கட்டுல பொரிச்ச பழைய எண்ணெயைச் சுத்தம் பண்ணி பயோடீசல் ஆக்கி எஞ்சினுக்கு ஊத்துறாங்க. இதைக் கேட்டதும் உன் அப்பாயி, வடை சுட்ட எண்ணெயை மறுபடி அடுப்புல வைக்காதன்னு நீ அவளைத் திட்டினதை ஞாபகப்படுத்துறா. பதில் நீயே சொல்லிக்க.

இன்னொண்ணு. பூங்கா பத்து மணிக்குத் திறக்குதுன்னா எஞ்சின் உன்னை விடியுறதுக்கு முன்னாடியே எழுப்பிரும். ஆறிக் கிடக்குற பாய்லரை அவசரப்பட்டுக் காய்ச்சக் கூடாது, தகடு ஒரு பக்கம் விரிஞ்சு ஒரு பக்கம் விரியாம டியூப் ஒழுக ஆரம்பிச்சிரும். சிறுதீயில, பொறுமையா, மணிக்கணக்குல ஏத்தணும். இங்க லீவுக்கு வந்தா ஒம்பது மணிக்கு எந்திரிச்சுக் காப்பி கேக்குற ஆளு நீ. உன் கூட்டாளிங்க எப்படின்னு எனக்குத் தெரியாது, உன்னோட சேந்திருக்காங்கன்னா அதுலயே தெரியுது.

ட்வீட்சிக்குப் போய் எஞ்சின் முன்னாடி நின்னு படம் எடுத்து அனுப்பினியே, பின்னாடி இருக்குற ஷெட்டை எட்டிப் பாத்தியா? அடுத்த பூங்காக்காரன் எஞ்சினையும் அங்கதான் கொண்டுவந்து பிரிக்கிறாங்க. எஞ்சின் வாங்குறதை ஒரு வருசம் தள்ளிப் போட்டுட்டு, சனி ஞாயிறுல அங்க போய்க் கூட்டிப் பெருக்கவாவது சேத்துக்குவாங்களான்னு கேளு. கையில கிரீஸோட, யாரைப் பாத்தாலும் முறைக்கிற கிழவன் ஒருத்தன் எந்த ஷெட்டுலயும் இருப்பான். அவனுக்கு டீ வாங்கிக் கொடு. உங்க நாலு பேரு காசுக்கும் அவன் ஒருத்தன் காது அதிகம் பெறும். அவசரப்படாத, பெரிய இடத்துலயே மெதுவாத்தான் நடக்குது. டிஸ்னி உலகத்து லில்லி பெல் எஞ்சின் 2010-ல பென்சில்வேனியாவுல ஸ்ட்ராஸ்பர்க் பட்டறைக்குப் போய், 2016-லதான் வீடு திரும்புச்சு. அவங்களுக்கு இன்னும் மூணு எஞ்சின் கையில இருந்துச்சு. உனக்கு அந்த ஆறு வருசமும் வட்டி மட்டும்தான் ஓடும்.

லில்லி பெல்லுன்னதும்தான் முக்கியமான சங்கதி நினைவுக்கு வருது. வால்ட் டிஸ்னி பூங்கா கட்டுறதுக்கு முன்னாடி, 1950-ல, லாஸ் ஏஞ்சலஸ்ல தன் வீட்டுத் தோட்டத்துலயே ஒரு குட்டி ரயில் விட்டாரு. உக்காந்து ஓட்டுற அளவு, நெசமான நீராவி. அதுல ஓடின எஞ்சினுக்கும் லில்லி பெல்லுன்னுதான் பேரு, அவரு சம்சாரம் லில்லியனை நினைச்சு வச்சது. பேரு வச்சதோட விட்டுரல. தோட்டத்துல தண்டவாளம் போட அனுமதி வேணும்னு விளையாட்டுக்குப் பாதி, வினையாப் பாதி, பத்திரம் எழுதி அந்தம்மாகிட்டக் கையெழுத்து வாங்கினாரு. அந்தம்மா பூச்செடி கெடக் கூடாதுன்னு செடிக்கு அடியில 90 அடிக்குச் சுரங்கம் தோண்டி ரயிலைக் கொண்டுபோனாரு. உலகத்துல பாதிப் புள்ளைங்களை மயக்கின மனுசன், வீட்டுல பூச்செடிக்குப் பயந்து பூமிக்குள்ள போயிருக்காரு. 1953-ல வண்டி தடம் புரண்டு ஒரு சின்னப் புள்ள கால்ல ஆவி சுட்டதும், மறுபேச்சு இல்லாம அந்த ரயிலை மூடிட்டாரு. அந்தப் புத்தியும் இருக்கணும்.

நீயும் அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி உன் சம்சாரத்துக்கிட்ட ஒரு பத்திரம் எழுதிக் கொடு. எவ்வளவு காசு வரைக்கும், எத்தனை சனிக்கிழமை வரைக்கும், அழுக்குத் துணியை யாரு துவைக்கிறது, எல்லாத்தையும் வரி வரியாப் போடு. சாட்சிக் கையெழுத்துக்கு ஆளைத் தேடாத, நானே போடுறேன். ஆனா அவ பக்கத்துச் சாட்சியாத்தான் போடுவேன்.