பீரோவை நிறுத்த நல்ல இடம்

மாப்ளே, நந்தனம் ஆபீஸ் சுவர்ல 14 கொள்கைகளைச் சட்டம் போட்டு மாட்டப் போறியாமே, உங்கம்மா சொன்னா. தாராளமா மாட்டு. கொஞ்சம் உசரமா மாட்டு. காத்துக் கிடக்கிற சனங்க கண்ணுக்கு எட்டினா படிச்சுத் தொலைப்பாங்க, அப்புறம் கேள்வி கேப்பாங்க.

1997-ல முதலமைச்சருங்க எல்லாம் டெல்லியில கூடி, எந்த வேலையை எத்தனை நாள்ல முடிப்போம்னு ஆபீஸ்ல எழுதி வைக்கணும்னு முடிவெடுத்தாங்க. குடிமக்கள் சாசனம்னு பேரு. நான் ஒரு காரியமா அலைஞ்ச ஆபீஸ்லயும் அந்தப் பலகை இருந்துச்சு. ‘நாட்கள்’னு தெளிவாத் தெரிஞ்சுது. எத்தனை நாளுங்கிற எண்ணுக்கு முன்னால பீரோவை நிறுத்தியிருந்தாங்க. கெட்டிக்காரங்க!

பொங்கலுக்கு வந்தப்போ, ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில வாங்கினதுன்னு ஒரு புத்தகத்தைத் திண்ணையில போட்டுட்டுப் போனியே, அதைப் புரட்டினேன். உன்னோட பதினாலும் டெமிங்னு ஒரு அமெரிக்கக்காரர் சொன்னதாம்ல? 1950-ல ஜப்பான்காரனுக்குத் தரம் பத்திப் பாடம் நடத்தினவர். மறு வருசமே அவர் பேர்ல பரிசு வெச்சுட்டாங்க. 1998-ல அது நம்ம பாடிக்கே வந்துச்சு, சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவுக்கு. இந்தியாவுல முதல் தடவை. நந்தனத்துலேர்ந்து பஸ்ல போயிடலாம். நீங்க பயிற்சிக்குச் சிங்கப்பூர் போனீங்க. கிட்டக்க இருந்தா படி கிடைக்காதே, பாவம்.

பத்தாவது கொள்கையைப் படிச்சியா? வேலைக்காரங்களுக்கு வாசகம் எழுதி மாட்டாதேங்கிறார் மனுசன். அதையும் சேர்த்துச் சட்டம் போடப் போறே பாரு, அதுக்குத் தனி தைரியம் வேணும்.

அவர் ஒரு விளையாட்டு காட்டுவாராம். பெட்டியில 4,000 மணி. 3,200 வெள்ளை, 800 சிவப்பு. 50 குழி வெச்ச தட்டை உள்ளே விட்டு எடுக்கணும், வெள்ளை மட்டும்தான் வரணும். எட்டு சிவப்போட வந்தவனுக்குக் கைதட்டு, பதினஞ்சோட வந்தவனுக்கு எச்சரிக்கை. அடுத்த சுத்துல கைதட்டு வாங்கினவனே பதினாலோட வந்து முழிப்பான். அஞ்சுல ஒண்ணு சிவப்பா இருக்கிற பெட்டியில தட்டு என்ன செய்யும்? அரிசியில கல்லு கிடக்க, புடைக்கிற மருமகளை மாமியார் திட்டின மாதிரிதான்.

பெட்டியை ரொப்பினது யாருன்னு மட்டும் கேட்டுடாதே. கோளாறுல 94 சதவீதம் அமைப்போடது, மேலே இருக்கிறவன் பொறுப்புன்னு எழுதி வெச்சுட்டுப் போயிட்டார். இது வெளியே தெரிஞ்சா வருசக் கடைசியில யாருக்குய்யா நீ மார்க் குறைப்பே?

உங்க ஆபீஸ் கவுன்டர்ல ஒரு பொண்ணு ஒக்காந்திருக்கே, அதுக்குத் தெரியும், ஒரே ஆதார் ஜெராக்ஸை எதுக்கு மூணு மேசையில தனித்தனியா வாங்குறீங்கன்னு. அதுங்கிட்ட கேட்டுத் தொலைச்சிடாதே, பதில் சொல்லிடும். ரெண்டு மேசை காலியாயிடும், அந்த மேசைக்காரங்க உன் ரூம் வாசல்ல வந்து நிப்பாங்க. எட்டாவது கொள்கை பயத்தை விரட்டணும்னு சொல்லுதேன்னு கவலைப்படாதே. மீட்டிங் போடு. ‘யாரும் பயப்படாமப் பேசலாம், பேசுறவங்க பேரைக் குறிச்சுக்கிறேன்’னு சொல்லு. அதோட அமைதியாயிடும்.

அடுத்த வாரம் எனக்கும் உங்க ஆபீஸ்ல ஒரு மனு இருக்கு. மெட்ரோவுல வந்து இறங்கிக்கிறேன். மருமகன் பேரைச் சொல்லமாட்டேன், வரிசையிலதான் நிப்பேன். ஜெராக்ஸ் மூணு எடுத்தாச்சு. நாலாவது மேசை ஏதும் புதுசா போட்டிருந்தா முன்னாடியே சொல்லிடு, உங்க பக்கம் ஜெராக்ஸ் விலை ஜாஸ்தி.