பெருக்கற் பெரியவர்

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை ஆறு மணிக்கு உலாவ வருகிற பெரியவர்களை, பிள்ளையைப் பார்க்க அமெரிக்காவுக்கு இனிமேல் போகப்போகிறவர்கள், ஏற்கெனவே போய்விட்டு வந்தவர்கள் என்று இரண்டே வகுப்பாகப் பிரித்துவிடலாம் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். முன்னவர்கள், அங்கே குளிருக்கு எதை உடுப்பது, விமானத்தில் மோர்சாதம் கிடைக்குமா என்பன போன்ற எளிய சந்தேகங்களோடு சாந்தமாக நடப்பார்கள். பின்னவர்கள் நடப்பதில்லை; நான்கு அடிக்கு ஒருதரம் நின்று பெருக்குகிறார்கள்.

நான் சொல்ல வந்தவர் இந்தப் பின்னவர்களுக்குள் தலைசிறந்தவர். பெயர் வேண்டாம், சொன்னால் ராஜகீழ்ப்பாக்கத்திலும் செம்பாக்கத்திலும் தெருவுக்கு நாலு பேர், தம்மைத்தான் எழுதிவிட்டேன் என்று சண்டைக்கு வருவார்கள். ரயில்வே கணக்கு இலாகாவில் முப்பத்தாறு வருஷம் கூட்டியும் கழித்தும் ஓய்வுபெற்ற அவருக்கு, பெருக்கல் என்னும் கலை, பிள்ளை நியூஜெர்ஸியில் குடித்தனம் வைத்த பிறகுதான் சித்தித்தது. 1966ஆம் வருஷம் ஜூன் மாதம் 6ஆம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து ஏழரை ரூபாய்க்குத் தாவியதையும், 1991ல் மறுபடியும் குறைத்ததையும், 2022ல் அது 80ஐத் தாண்டியதையும், மற்றவர்கள் பேரன் பேத்திகளின் பிறந்தநாளைச் சொல்வதுபோலத் தவறின்றிச் சொல்வார். இத்தனை சரித்திரம் தெரிந்தவர் பெருக்குவதற்கு வைத்திருப்பது என்னவோ 85 என்ற ஒரே எண்தான். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அது அசைவதில்லை. அது என்ன கணக்கு என்று கேட்டால், "நான் போனப்ப அதுதான் சார்" என்பார்.

அவர் அந்தத் தேசத்தில் ஆறு மாதம் இருந்தார். போகும்போது ராணுவ வீரரைப்போல ஒட்ட வெட்டிய கிராப்போடு போனவர், திரும்பும்போது பிடரியில் புரளும் வெள்ளை முடியோடு வந்ததைக் கண்டு, திருப்பதிக்குப் பிரார்த்தனை போலும் என்று நாங்கள் பயபக்தியோடு ஒதுங்கி நின்றோம். காரணம் பிறகுதான் தெரிந்தது. அங்கே முடி வெட்ட இருபது டாலர், வெட்டியவருக்கு அன்பளிப்பாக நான்கு டாலர். ஆக 2,040 ரூபாய். "இருக்கிற முடிக்கு, சார், ஒரு மயிருக்கு இவ்வளவுன்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன்" என்று அவர் ஆரம்பித்தபோது, எங்களில் வழுக்கையரான ஒருவர் எழுந்து போய்விட்டார்.

ஆனாலும் முடியைவிடக் கறிவேப்பிலை விஷயத்தில்தான் அவருடைய மனம் மிகவும் புண்பட்டிருக்கிறது. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் காய்கறி வாங்குகிறவன், பைக்குள் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நாலு கொத்தமல்லித் தழையும் கொசுறாக வந்து விழுவதைத் தன் பிறப்புரிமையாக நினைக்கிறான். விழாவிட்டால் கடைக்காரரை ஒரு பார்வை பார்க்கிறான். அப்படி வளர்ந்தவரை எடிஸன் நகரத்து ஓக் ட்ரீ சாலைக்கு, நம்மவர் கடைகளே வரிசையாக இருக்கிற அந்தப் பிரசித்தமான வீதிக்கு, பிள்ளை அழைத்துப் போயிருக்கிறார். அங்கே ஒரு சின்னப் பொட்டலத்தில் எண்ணி வைத்தாற்போல் கறிவேப்பிலை. விலை இரண்டு டாலர். 170 ரூபாய்! ஊரிலிருந்தே ஒரு கட்டுக் கொண்டுவந்திருக்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் பாழாக்கும் ஒரு நோயைப் பரப்புகிற பூச்சி கறிவேப்பிலையில் குடியிருப்பதால், அதை விமான நிலையத்திலேயே பறித்துக்கொள்கிறார்கள். அறுபது வருஷமாகச் சாம்பாரிலிருந்து கறிவேப்பிலையைப் பொறுக்கி இலை ஓரத்தில் ஒதுக்கிவந்த மனிதர், அந்த ஆறு மாதமும் ஒன்றுவிடாமல் மென்று விழுங்கினார். மருமகள், மாமனாருக்கு அதில் அவ்வளவு பிரியம் போலிருக்கிறது என்று எண்ணி, இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டாளாம்.

சாமானில் ஒட்டியிருக்கும் விலை ஒன்றும், பணம் கட்டும்போது கேட்கும் விலை வேறொன்றுமாக இருப்பதைப் பற்றியும் அவருக்கு ஒரு பிரசங்கம் உண்டு. நியூஜெர்ஸியில் விற்பனை வரி நூற்றுக்கு 6.625. இந்தக் கடைசி ஐந்தைக் கண்டுபிடித்தவர் தம்முடைய இலாகாவில் இருந்திருக்க வேண்டியவர் என்பது அவர் கருத்து. துணிக்கு மட்டும் வரி இல்லை என்று கேள்விப்பட்டதும், தமக்கு வேண்டாத நான்கு பனியன்களை வாங்கி அரசாங்கத்தைப் பழிவாங்கியிருக்கிறார். பல்வலி வந்தபோது கிராம்பை வைத்து ஏழு வாரம் சமாளித்தார். அது எவ்வளவு மிச்சம் என்று அவராகச் சொல்வதற்கு முன் பேச்சை மாற்றிவிடுவது நல்லது.

இவ்வளவும் பேசுகிறவர் பெட்ரோலைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை. அந்த மாகாணத்தில் 1949லேயே சட்டம் போட்டு, வண்டிக்காரர் தம் கையால் பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். நம்முடைய கேம்ப் ரோடு பங்கில் நடப்பதுபோல ஆள் வந்துதான் போடவேண்டும். இந்த ஒற்றுமையைக் கண்டு பூரித்துப்போன பெரியவர், காலன் மூன்று டாலர் என்று பார்த்ததும் வழக்கம்போல 85ஆல் பெருக்கி, அது லிட்டர் அல்லவே, காலன் ஒன்றுக்கு 3.785 லிட்டர் அல்லவா என்று வகுத்தும் பார்த்திருக்கிறார். லிட்டருக்கு 67 ரூபாய்தான் வந்தது. தாம்பரத்தில் நூறு ரூபாய்க்குமேல் கொடுத்து ஸ்கூட்டருக்கு ஊற்றுகிற மனிதருக்கு, தாம் இத்தனை நாள் நம்பியிருந்த பெருக்கல் சித்தாந்தமே கண்ணெதிரில் துரோகம் செய்தாற்போல் இருந்திருக்க வேண்டும். இந்தச் செய்தி அவர் மனைவி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அவருடைய கணக்குகளிலே லாபத்தில் முடிவது ஒன்றே ஒன்று. பேரக் குழந்தையைக் காப்பகத்தில் விட்டால் மாதம் 2,000 டாலர். தாமும் மனைவியும் ஆறு மாதம் பார்த்துக்கொண்டபடியால் 12,000 டாலர், அதாவது பத்து லட்சத்து இருபதாயிரம் ரூபாய் பிள்ளைக்கு மிச்சம். இருவருக்கும் போகவர ஆன விமானக் கட்டணத்தைக் கழித்தாலும் பெருந்தொகை நிற்கிறது. இதை அவர் எங்களிடம் விஸ்தரித்துக்கொண்டிருந்தபோது, பூக்கூடையோடு வந்துநின்ற அவர் மனைவி, "பார்த்துக்கிட்டது யாரு? இவர் அந்தக் குழந்தைக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். அதுக்கு ரெண்டு வயசு" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்.

ஓய்வூதியக்காரர்கள் நவம்பரில் உயிரோடிருப்பதாகச் சான்று கொடுத்தாக வேண்டும். அதை அயல்நாட்டிலிருந்தே கொடுக்கவும் வழி உண்டு என்று பிள்ளை எவ்வளவோ சொல்லிப் பார்த்தும், தாம் உயிரோடிருப்பதைத் தாம் நேரில் போய்த்தான் நிரூபிக்கவேண்டும் என்று பிடிவாதமாக அக்டோபர் கடைசியில் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினார். நேரம் அதிகாலை மூன்று மணி. ஆளுக்கு இரண்டாக, தலா 23 கிலோ எடையுள்ள நான்கு பெட்டிகள். வாசலில் நின்ற வாடகைக் கார்க்காரர், பெட்டியில் தொங்கிய விமானச் சீட்டை ஒரு பார்வையும் பெரியவரின் பிடரி முடியை ஒரு பார்வையும் பார்த்துவிட்டு, "சேலையூருக்கா? எண்ணூறு குடுங்க" என்றார். பெரியவர் வாழ்நாளில் முதல்தடவையாக 85ஆல் வகுத்தார். பத்து டாலர்கூட வரவில்லை. அங்கே ஒரு காப்பிக்கும் ரொட்டிக்கும் ஆகிற காசு! கை பைக்குள்ளே போயேவிட்டது. பாதி வழியில் பழைய மனிதர் விழித்துக்கொண்டுவிட்டார். விடியும்வரை காத்திருந்து, எதிரே திரிசூலம் நிலையத்தில் தலைக்கு ஐந்து ரூபாய் சீட்டு வாங்கி, நான்கு பெட்டிகளையும் மின்சார ரயிலில் ஏற்றி, பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் வழியாகத் தாம்பரம் போய்ச் சேர்ந்தார். ஐந்து ரூபாய் என்றால் ஆறு சென்ட் என்றும், 1931லிருந்து மின்சாரத்தில் ஓடுகிற இந்தப் பாதைக்கு உலகத்திலேயே ஈடு கிடையாது என்றும் ரயிலில் அவர் சொல்லிக்கொண்டு வந்ததற்கு மனைவி பதில் சொல்லவில்லை. அந்த அம்மாள் அதன்பின் மூன்று நாள் யாருக்கும் பதில் சொல்லவில்லை என்று கேள்வி.

டிசம்பரில் பிள்ளை வரும்போதுதான் வீட்டில் உண்மையான தர்மசங்கடம். தகப்பனார் அங்கே பெருக்கினவர். பிள்ளை இங்கே வகுக்கிறவர். ஓட்டலில் நால்வர் சாப்பிட்டுத் தொள்ளாயிரம் ரூபாய்ச் சீட்டு வந்தால், பிள்ளைக்கு அது பத்து டாலர் சொச்சம், சிரிப்பு வருகிறது; தகப்பனாருக்கு அது தொள்ளாயிரம் ரூபாய், அழுகை வருகிறது. பரிமாறியவருக்குப் பிள்ளை நூறு ரூபாய் வைத்துவிட்டு எழுந்தால், பின்னால் வருகிறவர் அதை எடுத்து இருபதாக மாற்றி வைத்துவிட்டு வருவார். பரிமாறுகிறவர்களுக்கும் இது தெரியும்; பெரியவர் மேஜையை எட்டுவதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று தாம்பரத்துக்கு, மற்றது நியூஜெர்ஸிக்கு. அங்கே இருந்த ஆறு மாதமும் கைக்கடிகாரத்தைத் தாம்பரத்து நேரத்திலேயே வைத்திருந்தவர், இங்கே இந்த இரண்டாவது கடிகாரத்துக்கு வாரந்தோறும் தூசி தட்டுகிறார். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தேசத்தில் கடிகாரங்களை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். ஒன்பதரை மணி வித்தியாசம் பத்தரையாகும். சென்ற நவம்பரில் அந்த நாளில் நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியவர் ஸ்டூலின்மேல் ஏறி முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தார். மனைவி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இன்னிக்கு அவனுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக் கிடைக்குதே, அது நம்ம ரூபாயில எவ்வளவு?"

பெரியவர் முள்ளிலிருந்து கையை எடுக்காமலே, கண்ணை மூடிக்கொண்டு, சற்று நேரம் உதட்டை அசைத்தார்.

"வருமான வரி பிடிக்கிறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"